இருபத்தேழாம் எண்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்:
சர்கோலாவைப் பிடிக்காதவள் அல்ல நான்.
அவன் வளைந்து திரும்பும்போது
பனித்தரையில் எழும் அந்தச் சீற்றம்
என் முதுகுத்தண்டிலும் ஓடும்.
ஆனால் அவன் சட்டையை வாங்க மாட்டேன்.
அரங்கில் பாதிப்பேர் முதுகில் அவன் பெயர்தான்.
என் முதுகும் எதற்கு?

என் முதுகில் இருபத்தேழு.
ஹவுத்தமாக்கி.
நான்காம் வரிசையின் நடு ஆள்.
ஓர் ஆட்டத்துக்கு ஆறு நிமிடம், மிஞ்சினால் ஏழு.
இந்தப் பருவத்தில் இரண்டு கோல்;
அதில் ஒன்று அவன் பின்புறத்தில் பட்டு
தானாகப் போனது.
"அதுவும் கணக்குத்தான்" என்றேன்.
பக்கத்து இருக்கை பிர்யோ சிரித்ததில்
காபி என் பூட்ஸில் கொட்டியது.

பிர்யோ கோலிகளின் கட்சி.
மற்ற எல்லோரும் கோலிக்கு முன்னால் கிடக்கும்
தட்டுமுட்டுச் சாமான் என்பாள்.
அதிலும் முதல் கோலி இல்லை, இரண்டாம் கோலி.
கெத்துலா.
பெஞ்சின் கதவைத் திறந்து மூடி,
தண்ணீர்ப் புட்டி நீட்டி,
நாற்பது ஆட்டம் தொப்பியோடு உட்கார்ந்திருந்து
நாற்பத்தோராம் நாள்
முதல் கோலிக்குக் காய்ச்சல் என்றதும்
கம்பங்களுக்கு நடுவில் போய் நிற்பவன்.
"காத்திருப்பதும் வேலைதான்" என்பாள்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள்.
கடல் உறைந்தால் கப்பலுக்காக
மேலே உட்கார்ந்திருக்கத் தெரியும்.

அவள் கணவன் தவ்னோவுக்கு அடிதடிக்காரன் வேண்டும்.
அந்தக் காலம் மலையேறிவிட்டது என்றேன்.
ஆனாலும் தடுப்பாட்டக்காரன் லாம்பினன்
உடம்பைக் குறுக்கே போட்டு பக்கை மறிக்கும்போது
தவ்னோ எழுந்து நின்று
தன் விலாவைத் தடவிக்கொள்வான்.

பதினோரு வருடம் நான் கத்தியது ஒன்றே:
"இருபத்தேழுக்கு நேரம் கொடு!"
பயிற்சியாளர் மூவர் மாறினார்கள்.
நான் மாறவில்லை.
ஓர் ஆள் குறைந்து நிற்கும்போது,
ஒரே கோல் முன்னிலையில், கடைசி நாற்பது நொடியில்,
நம் கோலுக்கு இடப்பக்க வட்டத்தில்
நடுவர் பக்கைக் கீழே போடப் போகும்போது
யார் குனிகிறான் பாருங்கள்.
கீழ்க்கையைத் திருப்பிப் பிடித்து,
எதிராளியைத் தோளால் கொஞ்சம் ஏமாற்றி,
பின்னால் தட்டுவான். அவ்வளவுதான்.
அதற்குக் கைதட்டுகிறவர்கள் ஏழு பேர்.
எண்ணியிருக்கிறேன்.

ஜனவரியில் சர்கோலாவை விற்றார்கள்,
சுவிட்சர்லாந்துக்கு.
அடுத்த ஆட்டத்தில் முதல் வரிசையின் நடுவில்
இருபத்தேழு என்று பலகை ஒளிர்ந்தது.
அழுதுவிட்டேன்.
பிர்யோ கைக்குட்டை தரவில்லை.
கடுகு வழியும் தொத்திறைச்சியில் பாதி தந்தாள்.

நான்கு ஆட்டம்.
ஒவ்வொன்றிலும் பத்தொன்பது நிமிடம்.
அவனால் முடியவில்லை.
இருபக்கமும் இளசுகள் காற்றாய்ப் போக
இவன் போய்ச் சேரும்போது
பக் எதிர்த்திசைக்குக் கிளம்பியிருக்கும்.
மூன்றாம் பகுதியில் வேலிப்பலகையில் சாய்ந்து
வாயால் மூச்சு வாங்கினான்,
ஆஸ்பத்திரி மேட்டில் ஆள் நிறைந்த
என் பதினான்காம் எண் பேருந்து முனகுவதுபோல.
யாரோ சீட்டியடித்தார்கள்.
அதைவிட மோசம்,
கடைசி நாற்பது நொடியில் அந்த வட்டத்தில் குனிய
அவனிடம் கால் மிச்சமில்லை.
வேறொருவன் குனிந்தான். தோற்றோம்.

பதினோரு வருடம் நான் கேட்டது இதைத்தான்.
தவ்னோ ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

ஐந்தாம் ஆட்டத்தில் பழைய இடம்.
ஆறு நிமிடம் பதினெட்டு நொடி.
வட்டத்தில் குனிந்தான், தட்டினான்.
எட்டுப் பேர் கைதட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை ஆறு பத்து வண்டியில்
மட்டைகளோடு ஏறினான்.
கார் உறைந்துபோய்விட்டதாம்.
ஸ்டியரிங்கின் பின்னால் நான்;
சீருடைக் கோட்டுக்கு அடியில் அவன் எண்.
எவ்வளவோ சொல்ல இருந்தது.
"மட்டையைப் படியில் வைக்காதீங்க,
கதவு இடிக்கும்" என்றேன்.
மன்னிப்புக் கேட்டு நகர்த்தினான்.
நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே,
ஆட்டக்காரர் வாசலுக்கு நேராக,
விதிக்குப் புறம்பாக நிறுத்தினேன்.

சனிக்கிழமை சொந்த அரங்கில் ஆட்டம்.
கெத்துலா இறங்குவான் என்கிறாள் பிர்யோ.
பந்தயம் ஒரு காபி.