ஐந்து துளைகள்

சாப் தொண்ணூற்றாறு, இடப்பக்கக் கதவு.
ஸ்க்ரூ டிரைவரை அடிவிளிம்பில் வைத்தேன்,
அழுத்தவேயில்லை,
பிடிவரை உள்ளே போயிற்று.

துர்க்கு நகரத்துச் சாலைகளில்
பனிக்காலம் முழுக்க உப்பு கொட்டுவார்கள்.
உப்புத் தின்ற கதவு தண்ணீர் குடித்தது என்று
பழியை அங்கேயே முடித்திருப்பேன்.
உள்பலகையைக் கழற்றி டார்ச் அடித்தபோதுதான் கண்டேன்:
மழைநீர் வடியவென்று
தொழிற்சாலையிலேயே விட்டிருந்த துளைகள் ஐந்தும்
கறுப்பு சிலிக்கானால் அடைபட்டிருந்தன,
கட்டைவிரலால் தேய்த்து, வெகு நேர்த்தியாக.

அர்மாஸ்.

ராவுமாவுக்குப் போகும் வழியில்
கால் குளிர்கிறது என்று ஒரே ஒருமுறை சொன்னேன்.
மறுநாளே அடைத்திருக்கிறான்.
என்னிடம் சொல்லவில்லை.

குளிர் நின்றது.
தண்ணீரும் நின்றது,
பைன் ஊசிகளை ஊறவைத்துக்கொண்டு
பதினொரு வருஷம்;
அதில் ஏழு வருஷம் அவன் இந்த வீட்டிலேயே இல்லை.

துருப்பிடித்ததை வெட்டி எறிந்தேன்.
புதுத் தகட்டை அங்கொரு புள்ளி இங்கொரு புள்ளியாகப் பற்றவைத்தேன்,
அவசரப்பட்டால் சூட்டில் நெளிந்துவிடும்.
சிலிக்கானில் அவன் ரேகை இருந்தது.
சுரண்டினேன்.

பிறகு டிரில்.
ஒன்று, இரண்டு,
ஐந்து.

இன்று பாலத்தைக் கடக்கையில்
கணுக்காலில் ஒரு நூல் குளிர்.
கம்பளிக் காலுறை போட்டிருக்கிறேன்,
இரண்டு ஜோடி.