மூன்று புள்ளி நான்கு ஆம்பியர்

ஓசூர் சிப்காட், இரண்டாம் கட்டம்.
பக்கத்து ஷெட்டில் ரோஜாக்களுக்கு நாலு டிகிரி;
பெட்டிபெட்டியாக விடியலில் பெங்களூர் போகும்.
எங்கள் ஷெட்டில் குளிர வேண்டியது
மிளகளவு மேகம் ஒன்றுதான்.
குளிரின் கடைசிப் படிக்கு
மயிரிழை மேலே.

அந்தக் குளிருக்கும் தொடக்கம் சூடுதான்.
தீக்குச்சி நீளத் தகட்டுக் குழல்,
உள்ளே உப்பாய்க் கட்டுண்ட ருபீடியம்.
மின்சாரம் ஏற்றினால் கட்டு அவிழும்.
இரண்டு புள்ளி ஒன்பதில் வாயே திறக்காது.
மூன்று புள்ளி நான்கில் கசியும்.
நான்கில்
என்ன ஆகும் என்று முனிராஜைக் கேளுங்கள்.

வியாழன் இரவு அவன் ஷிஃப்ட்.
திரையில் மேகம் மங்கல்.
குமிழைத் திருகிவிட்டான்.
பளிச்சென்று கொழுத்த மேகத்தைப் படம் பிடித்து
ஒன்றரை மணிக்கு அனுப்பினான்:
"அக்கா, முப்பது கோடி அணு!"
எத்தனை நொடி இருந்தது என்று கேட்டேன்.
வெகுநேரம் கழித்து வந்தது பதில்:
அரை.

பிடிபட்டதைப் பிடிபடாதது
இடித்து வெளியே தள்ளியிருக்கிறது,
பாகலூர் கடைசி பஸ்ஸில்
உட்கார்ந்தவனை எழுப்பும் கூட்டம் மாதிரி.

மின்சாரத்தை நிறுத்தலாம்.
வந்துவிட்டதை என்ன செய்ய?
கண்ணாடிச் சுவரெல்லாம் அப்பிக்கொண்டு
ஒவ்வொன்றாய் விட்டு விலகி, திரும்ப ஒட்டி.
இரண்டு நாள் பம்ப் இழுத்தது.
வெள்ளி மத்தியானம் கரண்ட் போனது,
பேட்டரி கத்தியது,
டிபன் பாக்ஸைத் திறக்காமல் முனிராஜ்
அழுத்தமானியின் முன்னால் உட்கார்ந்திருந்தான்.
எண் இறங்குவதைப் பார்ப்பது
நகம் வளர்வதைப் பார்ப்பது.

ஞாயிறு.
குழலின் சுவிட்சை நான் தொடவேயில்லை.
ஊதா விளக்கை அரை நொடி
சுவரின் மேல் அடித்தேன்.
ஒட்டியிருந்தவை உதிர்ந்தன.
விளக்கு அணைந்ததும்
அகப்படாதவை சுவருக்கே போயின.
ஆறு லேசரும் சந்திக்கும் இடத்தில்
எட்டுக் கோடி.
குறைவுதான்.
கணினி எண்ணுவது போதாதென்று
முனிராஜ் விரல் மடக்கினான்.
பத்து விரலும் தீர்ந்து
இன்னொரு நொடி இருந்தது.

பதிவேட்டில் எழுதினேன்:
குழல், சுழியம் ஆம்பியர். சுவர் கொடுத்தது.
கீழே தேதி, நாகவேணி.
அதற்கும் கீழே பென்சிலில் அவன்:
குமிழுக்கு டேப் ஒட்டியாச்சு.

வெளியே ரோஜா வேன் கிளம்புகிறது.
அதன் கதவை யாரோ
மூன்றாவது தடவையாகச் சாத்துகிறார்கள்.