முதுகு

பாறை வெடிப்புக்குள் இது மூன்றாம் நாள்.
கீழே சிமியன் மலைச்சரிவு முழுக்க மூட்டம்;
மேலே எவருக்கும் சொந்தமில்லாத நீலம்.

டெபார்க் தேவாலயத்து நாள்காட்டிக்கு
வேண்டியது ஒரே படம்:
எலும்புண்ணிக் கழுகின் முகம்.
கண்ணைச் சுற்றிச் செவ்வளையம், அலகின்கீழ் தாடி.
"எங்கள் பாதிரியாரேதான்" என்று சிரித்துக்கொண்டே
முன்பணம் எண்ணித் தந்தார்
பொருளாளர் கெப்ரேயெஸ்.

காவலுக்கு வந்த வொர்க்நே
துப்பாக்கியை மடியில் கிடத்தி உட்கார்ந்திருக்கிறார்.
பெரிய உபவாச காலம்.
ஒன்பதாம் மணிவரை பச்சைத் தண்ணீரும் இல்லை.
என் பிஸ்கட்டை மோந்துவிட்டு
"பால் இருக்கிறது" என்று திருப்பித் தந்தார்.
நான் தின்றேன்.
போன மழைக்காலத்தில்
அப்பாவோடு சேர்த்து அடக்கம் செய்தவை
என் உபவாசங்கள்.
கோண்டார் ஆஸ்பத்திரியில் பதினோரு இரவு கேட்டேன்,
ஒரே ஒரு முறை முகம் காட்டு என்று.

வந்தது.
வரையாட்டின் தொடையெலும்பு ஒன்றை
உயரக் கொண்டுபோய்ப் பாறைமேல் போட்டது.
உடையவில்லை.
இறங்கி, எடுத்து, மறுபடி.
"நாலு" என்றார் வொர்க்நே. "ஐந்து."
ஆறாவதில் விறகு முறியும் சத்தம்.
எலும்பு எதுவும் முறியாமல் காக்கப்படும் என்று
சிறுவயதில் ஒப்பித்தவள் நான்.
முறிந்ததற்குள் இருந்தது
அதன் குஞ்சுக்கான சாப்பாடு.

பிறகு தலைக்கு மேலே, மிகத் தாழ்வாக.
வெடிப்பை ஒரு நிழல் மூடியது,
உள்ளங்கை வைத்து மூடியதுபோல.
லென்ஸ் தடுமாறித் தெளிந்தபோது
அது கடந்துபோயிருந்தது.

முப்பத்தெட்டுப் படங்கள்.
முப்பத்தெட்டிலும் முதுகு.
ஆப்பு வடிவ வால், விரிந்த சிறகு,
விளிம்பில் ஒட்டிய வெயில்.
கெட்ட வார்த்தை ஒன்று வாயில் வந்தது. சொன்னேன்.
வொர்க்நே திரையைக் கிட்டே வாங்கிப் பார்த்தார்:
"ஒரு இறகு குறைகிறது. முளைத்துவிடும்."

அப்போதுதான் ஏனோ அந்தத் தாதி.
பதினோராம் இரவில்
அப்பாவின் பாதங்களை வெந்நீரில் துடைத்து,
விரலிடுக்கையும் விடாமல் ஈரம் ஒற்றி,
போர்வையை இழுத்துவிட்டுப் போனவள்.
பெயர் கேட்கவில்லை. முகமும் பார்க்கவில்லை.
தாழ்வாரத்தின் மங்கல் விளக்கில்
நடந்து விலகிய முதுகு மட்டும்.

கெப்ரேயெஸ் முன்பணத்தைத் திருப்பிக் கேட்பார்.
கேட்கட்டும்.

வொர்க்நே துணிமூட்டையை அவிழ்த்து
இஞ்செராவை மடிமேல் வைத்துவிட்டு
தொடாமல் சூரியனைப் பார்த்தார்.
ஒன்பதாம் மணிக்கு இன்னும் பத்து நிமிஷம்.
கையிலிருந்த மிச்ச பிஸ்கட்டை
நான் பைக்குள் போட்டேன்.