மூன்றாவது பூச்சு

காட்பாடிக் கல்யாண மண்டபம். மணமகள் அறை.
பெயிண்ட் ரோலரால் என் முதுகில்
மூன்றாவது பூச்சு இழுக்கிறாள் ஜெபகனி.
"அசையாதடி, கோடு விழும்."

நேற்றிலிருந்து வாயை நனைக்க மட்டும் தண்ணீர்.
மேலே மணல்;
பாலாறு மாதிரி
ஈரம் அடியில் எங்கோ போகிறது.

பேரணாம்பட்டில் தோல் பதனிட்டார் அப்பா.
அவர் சட்டை வாசத்துக்கே
பெண் பார்க்க வந்தவர்கள்
காபியைத் தொடாமல் எழுந்தார்கள்.
காபி குடித்தவர்கள்
நிறம் கொஞ்சம் மட்டு என்றார்கள்.

அந்த நிறத்தின்மேல்தான் இப்போது
பாட்டில் நாலாயிரம் என்று
கறுப்பு வாங்கிப் பூசுகிறேன்.
விளக்கடியில் இதுவும் பத்தாதாம்.

போன தை மாதம் அழகிப் போட்டியில்
துப்பட்டாவால் தோளை மூடச் சொன்னார்கள்.
இங்கே தோளுக்குத்தான் மார்க்.

போன் அதிர்கிறது. சத்துவாச்சாரி நர்ஸ்,
மாதம் எண்ணூறு கட்டுகிறவள்:
"மேடம், நைட் டூட்டி.
இன்னும் ஒரு இட்லி சாப்பிடட்டுமா?"

ஒன்பது நாளாய் உப்பு படாத நாக்கு
ஒருமுறை புரண்டது.
"ரெண்டு சாப்பிடுங்க. சாம்பார் ஊத்தி"
என்று தட்டினேன்.
திரையில் பழுப்பாய் என் ரேகை.

"போச்சு," என்கிறாள் ஜெபகனி,
"கட்டைவிரலைக் காட்டு."