மூன்றாவது டேக்

ஹாலந்திலிருந்து வந்திறங்கினார் டீடெரிக்.
ஒன்பது பெட்டி, இரண்டு கேமரா,
கை கழுவும் மருந்து ஒரு டஜன்,
‘அழியும் முன் ஒருமுறை’ என்று ஒரு தலைப்பு.
எது அழிகிறது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

நான் மொழிபெயர்க்க வந்தவள். அய்சாத்.
பிஷ்கெக்கில் ஒன்பதாவது மாடி.
குதிரையைப் படியிறங்கி வந்து பார்த்ததுகூட இல்லை.
நாளுக்கு அறுபது டாலர், சாப்பாடு தனி.

நாரின் மலைமேல் கோடை மேய்ச்சல்.
ஆறு கூடாரம், நானூறு ஆடு, ஒரே ஒரு நாய்.
முதல் நாள்
வாசலில் கிடந்த நீல பிளாஸ்டிக் நாற்காலியை
எடுக்கச் சொன்னார்.
பிறகு சோலார் தகட்டை.
பிறகு மோட்டார் சைக்கிளை.
பிறகு பெக்தூரை, கால்பந்து பனியன் போட்டிருந்தான் என்பதற்காக.
எல்லாம் மேட்டுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தன.
அங்கே தனியாக ஓர் ஊரே உண்டாகிவிட்டது.
மத்தியானம் டீ குடிக்க
நாங்கள் எல்லோரும் அங்கேதான் போனோம்.

“வானத்தைப் பற்றிக் கேள்” என்றார் டீடெரிக்.
கேட்டேன்.
ஒரோஸ்பாய் அண்ணாந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.
“டிஷ்ஷுக்குப் பணம் கட்டி மூணு மாசமாச்சு,
ஒண்ணும் தெரியமாட்டேங்குது.”
நான் சொன்னேன்:
வானம் எங்களோடு பேசி மூன்று மாதம் ஆகிறது.
டீடெரிக் கண்களை மூடிக்கொண்டார்.
கேமராக்காரன் அந்த இமைகளை
அருகில் போய் எடுத்தான்.

பொய்யில்லை.
கொஞ்சம் இஸ்திரி போட்டேன், அவ்வளவுதான்.

கிமிஸ் கொடுத்தார்கள். புளித்த குதிரைப் பால்.
ஒரே மடக்கில் குடித்துவிட்டு
“சுதந்திரத்தின் புளிப்பு” என்றார் கேமராவிடம்.
டேக் ஓகே ஆனதும் மேட்டுக்குப் பின்னால் ஓடினார்.
போனவர் திரும்பவில்லை.
தேடிப் போனால்
நீல நாற்காலியில் சாய்ந்து, பெக்தூரின் பிஸ்கெட்டைத் தின்றபடி
ஆட்டின் வயசு என்ன, பெயர் என்ன என்று
சைகையிலேயே கேட்டுக்கொண்டிருந்தார்.
வந்ததிலிருந்து அன்றுதான் நல்ல மனிதராகத் தெரிந்தார்.
அதைப் படமெடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

நான்காம் நாள் முகம் வாடிவிட்டது.
“சடங்கு ஒன்றுகூடவா இல்லை?”
சைக்காலைக் கேட்டேன்.
“சடங்கா? ராத்திரி பானையைச் சரியா மூடணும்.
இல்லாட்டி நாய் வாய் வைக்கும்.”
தினமும் துயிலும் முன் மூடியை மூன்று முறை தட்டி
வீடு உறங்குகிறதென்று காற்றுக்குச் சொல்வார்கள்,
என்றேன்.
மூன்று எங்கிருந்து வந்ததென்று எனக்கே தெரியாது.

“செய்து காட்டட்டும்!”
சைக்கால் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.
“எத்தனை தட்டு?”
“மூணு.”
“தட்டுக்கு எவ்வளவு?”

மூன்று டேக், ஒன்பது தட்டு.
ஒவ்வொரு தட்டுக்கும் நாய் குரைத்தது.
காற்றின் மறுமொழி என்று குறிப்பெழுதினார்.

பனிக்காலத்தில் படம் வந்தது.
கீழே ஊரில், பெக்தூரின் கைபேசியைச் சுற்றி
இருபத்து மூன்று தலைகள்.
கோபப்படுவார்கள் என்று பயந்தபடி ஓரமாய் நின்றேன்.
அவர்கள் தங்களைப் பார்க்கவே இல்லை.
அவரைத்தான் பார்த்தார்கள்.
நாற்பத்தோரு முறை கை கழுவினாராம், எண்ணிவிட்டார்கள்.
“தனியா நடந்துக்கிட்டே யாருகூடப் பேசுறான், பாவம்?”
என்றாள் புருல்சா.
ஒரோஸ்பாய் விஷயம் தெரிந்தவர்போல் தொண்டையைச் செருமினார்:
“அவங்க பக்கத்து வழக்கம். அந்தப் பெட்டி சாமி மாதிரி.
அதைப் பார்த்தாத்தான் வாய் திறக்கும்.”
எல்லோரும் தலையாட்டினார்கள்.
பெக்தூர் கேட்டான், “அழியறதுக்குள்ள
அவங்க ஊரை ஒருதடவை போய்ப் பார்க்கணுமே?”

அடுத்த கோடையில் சுற்றுலாக்காரர்கள் வந்தார்கள்.
மூடி தட்ட இருநூறு சோம்.
நாய் குரைத்தால் ஐம்பது கூட.

ஜெர்மன் ஜோடி ஒன்றைக் கூட்டிப்போய்
மறுநாள் அனுப்பிவிட்டு நான் மட்டும் தங்கிய இரவு.
விருந்தாளி இல்லை, கேமரா இல்லை.
டக். டக். டக்.
எட்டிப் பார்த்தேன். சைக்கால், கையில் கரண்டி.
“யாருமில்லையே, எதுக்கு?”

“நாய்க்குப் பழகிப்போச்சு” என்றாள்.
“தட்டாட்டி தூங்கமாட்டேங்குது.”