திருத்தச் சீட்டு

வர்த்தமானி ஒரு வெள்ளிக்கிழமை
கொழும்பில் பிறந்தது.
எங்களிடம் வர இன்னும் பதினெட்டு நாள்,
யாழ்ப்பாணம் போகிற பஸ்
மாங்குளச் சந்தியில் இறக்கிவிட்ட
பழுப்பு உறைக்குள்.

ஒரு பக்கம்தான்.
'சபை' எனும் சொல் வருமிடத்து
'அமைச்சரின் முன் அனுமதியுடன் சபை'
எனும் சொற்கள் இடப்படுதல் வேண்டும்.

சீட்டை அளந்து வெட்டினேன்.
சட்டப் புத்தகத்தில் அந்தப் பிரிவின் மேல்
ஏற்கெனவே நாலு சீட்டுகள்,
பசை காய்ந்து ஓரம் சுருண்டு.
ஐந்தாவதை ஒட்டி உள்ளங்கையால் அழுத்தினேன்.
கூடியது மூன்று சொற்கள்,
நீளம் முன்னூறு கிலோமீற்றர்.

அன்று பின்னேரம் சபை கூடிற்று.
குளக்கட்டு ஒழுங்கைக்கு ஒன்பது விளக்கு.
உறுப்பினர் கமலாம்பிகை
நெளிந்த சைக்கிள் றிம் ஒன்றைக்
கொண்டுவந்து மேசையில் வைத்தா.
ரியூசன் முடிந்து வந்த பிள்ளை
போட்டுவிட்டு ஓடிய சைக்கிள்.
யானை அதை என்னவென்று நினைத்ததோ.

பதின்மூன்று கைகள் உயர்ந்தன,
ஒன்றுக்கொன்று முகம் பார்க்காத
கட்சிகளின் கைகளும்.
கூட்டக் குறிப்பில் 'ஏகமனதாக' என்று எழுதினேன்.
பிறகு பேனையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்திருந்துவிட்டு
'அனுமதிக்கு உட்பட்டு' என்றும்.

கடிதம் ஆணையாளரிடம் போனது,
மாகாணத்துக்குப் போனது,
அமைச்சுக்குப் போனது.
உரிய படிவம் இணைக்கப்படவில்லை என்று வந்தது.
படிவத்தை வவுனியாவில் ஒருவரைக் கொண்டு
சிங்களத்தில் நிரப்பி அனுப்பினோம்.

ஒரு மாதத்துக்குள் பதில் தரப்படும் என்று
எங்கள் பிரதியில் இருந்தது.
நாட்காட்டியில் நாள் நாளாய் வெட்டினேன்.
தொலைபேசியில் ஒரு குரல், மரியாதையான குரல்,
சட்டத்தின் கடைசிப் பிரிவை வாசிக்கச் சொன்னது:
ஒவ்வாமை ஏற்படின்
சிங்கள உரையே மேலோங்கி நிற்றல் வேண்டும்.
அந்த ஒரு மாதம்
தமிழில் மட்டும் இருந்திருக்கிறது.

மார்கழி. மழை.
குளம் வான் பாய்ந்த இரவு
யானை மறுபடி வந்தது.
அடுத்த நாள் களஞ்சியத்தைத் திறந்து
நிலக்சனைக் கூப்பிட்டேன்.
"எத்தினை மெடம்?"
"ஒண்டு."
"ஒண்டோ?"
"ஒண்டு போடு. வாயைத் திறக்காதை."

சித்திரையில் கணக்காய்வு.
வினா இலக்கம் பதினான்கு:
அனுமதியின்றி விளக்குப் பொருத்தக் கட்டளையிட்டவர் யார்?
தவிசாளர் கதிரையை ஆட்டினார்,
"நான் வாயாலைதானே சொன்னனான், தங்கச்சி."
அது உண்மைதான்.
அவர்களின் கைகள் காற்றில் உயர்ந்தன,
என்னுடையது தாளில் இருந்தது.
வினாவை எழுதிய பெடியன்
எங்களோடுதான் மத்தியானம் சாப்பிட்டான்.
கீரி மீன் சொதி நல்லாயிருக்கு என்றான்.
போகும்போது சொன்னான்,
"குறை நினைக்காதையுங்கோ, எனக்கும் ஒரு படிவம்."

மாதம் இரண்டாயிரத்து நூற்றைம்பது,
எட்டு மாதம் என் சம்பளத்தில்.
வீட்டில் இன்னும் சொல்லவில்லை.
சீட்டு என்று ஏதோ சொல்லியிருக்கிறேன்,
பொய்யுமில்லை.

நேற்று அமைச்சிலிருந்து பதில்,
இரண்டு மொழியிலும்,
இம்முறை ஒவ்வாமை எதுவுமில்லை:
மேற்படி ஒழுங்கையில் ஏற்கெனவே விளக்கு உள்ளமையால்
கோரிக்கையைக் கவனத்திற்கொள்ள முடியாமைக்கு வருந்துகிறோம்.

கந்தோர் பூட்டிவிட்டு அங்கே போனேன்.
ஸ்கூட்டியை நிறுத்தி
கம்பத்தடியில் இருந்து நடந்து பார்த்தேன்.
ஈசல் செத்துக் கிடந்தது.
அந்தப் பிள்ளை வேறு சைக்கிளில்
மணியடித்துக்கொண்டு என்னைக் கடந்துபோனாள்.
நாற்பத்திரண்டு அடி நடந்ததும்
செருப்பு தெரியவில்லை.
அதற்கப்பால்
எட்டு விளக்கு அளவு இருட்டு,
சூடாறாத லத்தியின் மணம்.