தண்ணீர் குடிக்காத மண்

ஷார்ஜா, இண்டஸ்ட்ரியல் ஏரியா பத்து.
எங்கள் ஷோரூமுக்குள் வெயில் வராது.
மஞ்சள் விளக்குகள்தாம் டைல்ஸை அழகாக்குகின்றன.
வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்:
ஒரு ஷீட் எடுத்துப் போங்கள்,
உங்கள் குளியலறை விளக்கில் ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள்.
முதலாளிக்கு இது பிடிக்காது.
போகிறவர்களில் பாதிப்பேர்தான் திரும்புகிறார்கள்.
திரும்பியவர்கள் யாரும் மாற்றிக் கேட்டதில்லை.

அல் ரஹ்மானியாவிலிருந்து வந்த உம் ஹுமைத்
நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.
செருப்பைக் கழற்றினார்.
தண்ணீர் இருக்கிறதா என்றார்.
குடிக்கத்தான் என்று பாட்டிலை நீட்டினேன்.
தரையில் பரப்பியிருந்த ஐந்து மாதிரிகளிலும் ஊற்றி
ஒவ்வொன்றாய் ஏறி நின்றார்.
கண்ணாடிபோல் மின்னிய பெரிய பலகையில்
குதிகால் ஓர் அங்குலம் போயிற்று.
பொடிச் சதுரங்களைக் கோத்த மோசைக்கில்
கால் நின்றது.
"போன ரமலானில் இடுப்பெலும்பு" என்றார்.
அதற்கு மேல் பேசவில்லை. நாற்பது மீட்டர் எழுதிக்கொண்டேன்.

எட்டு வருடமாக நான் விற்கும் வாக்கியம் ஒன்று உண்டு:
போர்சலின் தண்ணீர் குடிக்காது, மேடம்;
ஆயிரத்து இருநூறு டிகிரியில் வெந்த மண்ணுக்குத்
தாகம் மறந்துபோகும்.
பொய்யில்லை.
ஆனால் ஈரப் பாதத்தைப் பிடித்து நிறுத்துவது
சதுரத்துக்கும் சதுரத்துக்கும் நடுவே ஓடும்
இரண்டு மில்லிமீட்டர் சொரசொரப்பு.
அதற்கு நாங்கள் விலை போடுவதில்லை.

ரோலாவில் எங்கள் ஃபிளாட்:
ஒன்பது பெண்கள், ஒரு குளியலறை.
நடுவில் விரிசல் விட்ட தரை.
அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று
வாட்ச்மேன் ஒரு வருடத்தைக் கடத்திவிட்டான்.
கடையில் நின்றுபோன மாடல்கள்
டிசம்பரில் குப்பைக்குப் போகும்.
கேட்டு வாங்கினேன், முப்பத்தொரு ஷீட்.
டாக்ஸிக்காரர் டிக்கியைத் திறந்து பார்த்து
ஐந்து திர்ஹம் கூடக் கேட்டார்.

சமையலறைத் தரையில் பரப்பினோம்.
நீலம் வேண்டவே வேண்டாம் என்றாள் ஜெசிந்தா;
ஆஸ்பத்திரி சீருடை அந்த நிறம்.
சுகிர்தாவுக்கு வெள்ளை.
வெள்ளையில் முடி தெரியுமே, இது மெஹராஜ்.
தெரிந்தால்தானே எடுப்பீர்கள், இது சுகிர்தா.
யார் முடி என்பது எங்கள் வீட்டில்
மூன்று வருட வழக்கு.
எதையும் போடுங்கள், கிரௌட் மட்டும் சாம்பல் என்றேன்.
வெள்ளைக் கோடு ஆறே மாதத்தில்
வெற்றிலைப் பல்லாகிவிடும்.

வெள்ளிக்கிழமை மிஸ்திரி குல்சமான் வந்தார்.
கூலிக்குப் பதில் பிரியாணி என்றோம்.
பிரியாணியும் கூலியும் என்றார்.
பழையதைப் பெயர்த்து, குழியை நோக்கிச் சரிவு கட்டினார்.
பெரிய டைல் அங்கே முரண்டு பிடிக்கும்.
வலையில் கோத்த மோசைக்
ஈரத்துணிபோல் படிந்து படுத்தது.
ஷவருக்குக் கீழே அறுகோண வெள்ளை,
சுற்றிலும் கூழாங்கல் சாம்பல்,
ஜெசிந்தா திரும்பிப் பார்க்காத மூலையில் கொஞ்சம் நீலம்.
வழவழப்பான தங்க நிறத் துண்டு ஒன்றே ஒன்று;
நனையாத இடம் என்று கதவோரம் வைத்தார்.
எங்கள் ரசனையைப் பற்றிக் கருத்துச் சொல்லவில்லை.
தட்டை மட்டும் இரண்டு முறை நீட்டினார்.

வாடகைக்கு வந்த ஓனர் எட்டிப் பார்த்தார்,
ஃபோட்டோ எடுத்தார்.
புதுப்பித்த குளியலறையாம்.
தலைக்கு ஐம்பது திர்ஹம் கூட்டினார்.
ஒன்பது பேரும் சேர்ந்து கத்தியதில்
இருபதுக்கு இறங்கினார்.

இப்போது ஜூலை.
குளிர்ந்த குழாயில் கொதிநீர் வருகிறது.
ஹீட்டரை அணைத்துவிட்டு
சுடுநீர்க் குழாயில் குளிர்ச்சியைத் தேடுகிறோம்.
விடியற்காலை நாலரை. என் பங்கு பதினோரு நிமிடம்.
சோப்பு முகத்தோடு, கண்ணை இறுக்க மூடி,
கால்விரலால் படித்துக்கொண்டு போகிறேன்:
அறுகோணம், அறுகோணம், கூழாங்கல்,
வழவழவென்று வந்தால் தங்கம்,
தங்கம் வந்தால் கதவு.
கதவுக்கு அந்தப் பக்கம்
மெஹராஜ் தட்டத் தொடங்கிவிட்டாள்.